புல்லட் டைமிங்: காதுக்கு வைக்காதீர்கள், கால் நூலுக்கு வையுங்கள்

"அண்ணாச்சி, வண்டி நிற்கும்போது ஒவ்வொரு அடியையும் எண்ணுகிற மாதிரி சத்தம் வேண்டும்." பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் இருக்கும் என் பட்டறைக்குப் பழைய புல்லட்டோடு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான். மைலேஜைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. எஞ்சின் சூட்டைப் பற்றிக் கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. அந்தச் சத்தத்தை வரவழைப்பதில் வித்தை ஒன்றும் கிடையாது. டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளி, கார்புரேட்டரில் ஐடிலை (நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகத்தை) குறைத்துவிட்டால் அடிக்கும் அடிக்கும் நடுவில் இடைவெளி தாராளமாக விழும். ஓட்டிக்கொண்டு போகிறவர் முகமெல்லாம் சிரிப்பு. கொஞ்ச காலம் கழித்து சைலன்சர் வளைவு நீலம் பூத்து, எக்ஸாஸ்ட் வால்வு கருகி, பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் மலைப்பாதையில் இரண்டாவது கியரை விட்டு மேலே போக முடியாமல் அதே வண்டி திணறும். அந்த வேலையை நான் செய்து கொடுப்பதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும்.

இங்கே சொல்லப்போவது பாயின்ட் (திறக்கும்போது பொறியை விழவைக்கும் சிறு சுவிட்ச்) வைத்த, வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட 350 புல்லட்டுக்கு. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதிலிருந்து பல பத்தாண்டுகள் திருவொற்றியூர் தொழிற்சாலையில் பெரிய மாற்றம் இல்லாமல் செய்துவந்த எஞ்சின் இது. 70 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி. எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்த பிற்கால வண்டிகளை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்பேனரைத் தூக்க வேண்டாம். அங்கே கையால் திருப்பிவைக்க பாயின்ட்டே கிடையாது.

பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு பொறி விழுந்தால் போதாதா, எதற்காக முன்னாலேயே விழ வேண்டும் என்று ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வரும் பையன்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பொறி பட்டவுடன் முழுவதும் எரிந்துவிடாது. தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பரவ நேரம் எடுக்கும். எஞ்சின் 1000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது பிஸ்டன் சுற்றிவிடும் தண்டான கிராங்க் ஒரு மில்லி விநாடிக்கு 6 டிகிரி திரும்புகிறது. 3000-இல் 18 டிகிரி. பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் கீழே இறங்கத் தொடங்கும் நேரத்தில் அழுத்தம் உச்சத்துக்கு வந்தால்தான் கிராங்குக்கு முழுத் தள்ளு கிடைக்கும். அதனால் பொறி முன்கூட்டியே விழ வேண்டும். வேகம் கூடக் கூட இன்னும் முன்னால் விழ வேண்டும். அந்தக் கூடுதல் பங்கை, பாயின்ட் உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ஆட்டோ அட்வான்ஸ் பார்த்துக்கொள்ளும்: இரண்டு எடைகள், இரண்டு ஸ்பிரிங்குகள், சுற்றும் வேகத்தில் எடைகள் விரிந்து, பாயின்ட்டைத் திறக்கும் கேமை முன்னே திருப்பிவிடும். நாம் வைப்பது அடிப்படை டைமிங் மட்டும். எடைகள் ஒடுங்கி ஓய்ந்திருக்கும் நிலையில், கலவை அமுக்கப்படும் கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். அங்குலக் கணக்கில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. தச்சரும் கொல்லரும் சொல்லும் கணக்கில் கால் நூல்.

தண்ணீர் சுற்றும் எஞ்சினில் டைமிங் கொஞ்சம் பிசகினால் ரேடியேட்டர் ஓரளவு தாங்கிக்கொள்ளும். புல்லட்டுக்கு இருப்பது சிலிண்டரைச் சுற்றிய இரும்பு வரிகளும் எதிரே வரும் காற்றும்தான். டைமிங் தாமதமானால் எரிந்து முடியாத தீ, எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டே வெளியேறும். ஹெட்டும் வால்வும் சைலன்சர் வளைவும் சூட்டை வாங்கிக்கொள்ளும். முந்தினால், மேலே ஏறிவரும் பிஸ்டனின் தலையில் அழுத்தம் வந்து இடிக்கும். கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும், ஏற்றத்தில் தட்டும் சத்தம் கேட்கும், பிஸ்டன் தலை வெந்துபோகும். எந்தப் பக்கம் பிசகினாலும் கடைசியில் சூடுதான். ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளைச் சுற்றிக் கூட்டத்துக்குள் ஊர்ந்து போகும் புல்லட்டை நினைத்துப்பாருங்கள். எதிர்காற்றே இல்லை. தாமதமான டைமிங்கோடு அப்படி அரை மணி நேரம் நின்றால் தொடைக்குக் கீழே அடுப்பு மூட்டியது போலிருக்கும்.

டைமிங்கைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு. வரிகளுக்கு நடுவே எண்ணெயும் புழுதியும் சேர்ந்து களியாகப் படிந்திருந்தால் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து முதலில் சுத்தம் செய்யுங்கள். திசையன்விளை, உடன்குடிப் பக்கத்து வண்டிகளில் தேரி மணல் சிவப்பாகச் சிலிண்டரில் அப்பிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டிக்கு என்ன டைமிங் வைத்தாலும் சூடு குறையாது. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே காற்று கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் கலவை மெலிந்து, டைமிங் கோளாறு காட்டும் அதே அறிகுறிகளைக் காட்டும். பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஏறியிருக்கட்டும். டேப்பெட் (வால்வுகளின் இடைவெளி) சரியாக இருக்கட்டும். வரிசை இதுதான்: டேப்பெட், பாயின்ட் இடைவெளி, டைமிங், கடைசியில் கார்புரேட்டர். பலர் கார்புரேட்டரில் தொடங்கி டைமிங்கில் முடிப்பார்கள். பிறகு மறுபடியும் கார்புரேட்டருக்கு வருவார்கள். பொழுது போகும், வண்டி சரியாகாது.

வேலையை ஆறிய எஞ்சினில், காலையில் செய்யுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, நான்காவது கியரில் போட்டுவிட்டால் பின்சக்கரத்தைக் கையால் முன்புறமாகத் திருப்பியே எஞ்சினை நகர்த்தலாம். கிக்கரால் நகர்த்தாதீர்கள், துல்லியம் வராது.

முதலில் பாயின்ட். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயின்ட்டின் இரண்டு முகங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல பாயின்ட்டின் முகம் லேசான சாம்பல் நிறத்தில் சமமாக இருக்கும். ஒரு முகத்தில் குழியும் எதிர்முகத்தில் மேடும் விழுந்திருந்தால், பாயின்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் கன்டென்சரைச் சந்தேகப்படுங்கள். எஞ்சின் ஓடும்போது பாயின்ட்டில் பெரிதாகப் பொறி பறந்தாலும் அதே சந்தேகம்தான். சிறிய குழியாக இருந்தால் நுண்ணிய எமரித் தாளால் தேய்த்துச் சமமாக்கலாம். தேய்த்த பிறகு ஒரு சொட்டுப் பெட்ரோல் நனைத்த சுத்தமான கெட்டித் தாளை நடுவில் விட்டு இழுங்கள். தாள் கறுப்பாக வரும். கறுப்பு வராமல் போகும்வரை புதுத் தாள் விட்டு இழுங்கள். பஞ்சோ பழந்துணியோ வேண்டாம்; ஒரு இழை உள்ளே நின்றாலும் பிறகு மிஸ்ஸிங் எங்கிருந்து வருகிறது என்று நாள் முழுவதும் தேட வேண்டியிருக்கும்.

அடுத்து இடைவெளி. சக்கரத்தைத் திருப்பி, கேமின் மேடு பாயின்ட்டை முழுவதும் திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். அசையாத பாயின்ட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை முழுவதும் தளர்த்தாமல், பிடி இருக்கும் அளவுக்கு மட்டும் இளக்கி நகர்த்துங்கள். கேஜ் தகடு இழுக்கும்போது லேசாக உரச வேண்டும். பாயின்ட்டைத் தள்ளிக்கொண்டு நுழையக் கூடாது. ஸ்க்ரூவை இறுக்கும்போது இடைவெளி மாறிவிடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இடைவெளி கூடினால் பாயின்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முந்தும். குறைந்தால் தாமதமாகும். டைமிங்கை அழகாக வைத்துவிட்டு அப்புறம் இடைவெளியைத் திருத்துகிறவர் வைத்த டைமிங்கைத் தானே கலைக்கிறார். கேமில் உரசும் ஃபைபர் கட்டை நாளாக ஆகத் தேயும். தேய்ந்தால் இடைவெளி சுருங்கும், டைமிங் தானாகவே பின்னுக்குப் போகும். "யாரும் தொடவில்லையே, எப்படி மாறும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கேமில் கடுகளவு கிரீஸ் தடவுங்கள். கடுகளவு என்றால் கடுகளவுதான். கூடினால் அது தெறித்துப் பாயின்ட்டில் போய் உட்காரும்.

மூடி திறந்திருக்கும்போதே இன்னும் இரண்டு சோதனைகள். கேமை விரல்களால் பிடித்து அது சுற்றும் திசையில் திருகி விடுங்கள். ஸ்பிரிங் அதைச் சட்டென்று பழைய இடத்துக்கு இழுக்க வேண்டும். சோம்பலாகத் திரும்பினாலோ நடுவழியில் நின்றாலோ ஆட்டோ அட்வான்ஸில் பழைய கிரீஸ் காய்ந்து கெட்டியாகியிருக்கிறது அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அது ஒடுங்காமல் டைமிங் வைத்தால் எல்லா அளவும் பொய். பிறகு ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப்பாருங்கள். ஆட்டம் இருந்தால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் இடைவெளி மாறும், பொறி ஓரிடத்தில் நிற்காமல் அலையும். புஷ்ஷை மாற்றாமல் மேலே போவது வீண் வேலை.

இப்போது உச்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். பிளக் துளையில் ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டு, அது மேலே ஏறி நிற்கும் இடம் உச்சி என்று முடிவு கட்டுவார்கள். அதில் இரண்டு கோளாறுகள். ஒன்று, உச்சிக்கு அருகில் கிராங்க் சில டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் நகர்வதே கண்ணுக்குத் தெரியாது. கம்பி நின்றது போலவே இருக்கும். மற்றொன்று, இந்த ஹெட்டில் பிளக் துளை சாய்ந்திருக்கிறது. சாய்ந்த துளையில் ஆடிக்கொண்டிருக்கும் கம்பியை வைத்து 0.8 மி.மீ. அளக்கிறேன் என்பவரிடம் எனக்கு வாதம் இல்லை.

நான் செய்வது வேறு. வண்டிக்கு ஒரு முறை செய்தால் போதும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அந்த இரும்புக் கூட்டில் முனை மழுங்கிய போல்ட் ஒன்றைப் பற்றவைத்துக் கொள்ளுங்கள். இது பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் டம்மி பிளக். இதேபோல இன்னொரு கூட்டில், பித்தளைக் கம்பி ஆட்டம் இல்லாமல் ஏறி இறங்கும்படி ஒரு வழிகாட்டித் துளை. இரண்டையும் லேத் பட்டறையில் செய்து வாங்கிவிடலாம். பிறகு இடப்பக்கம் பிரைமரி செயின் கவரைக் கழற்றுங்கள். நடுவில் இருக்கும் ஒரே பெரிய நட்டுதான் மொத்தக் கவரையும் பிடித்திருக்கிறது. கீழே தட்டு வைக்க மறக்காதீர்கள், எண்ணெய் கொட்டும். ஆயில் மாற்றும் சமயமாகப் பார்த்துச் செய்தால் ஒரு வேலை மிச்சம்.

கிராங்க் முனையில் ஆல்டர்னேட்டர் ரோட்டார் தெரியும். 360 டிகிரி அச்சிட்ட தாளை ஒரு பழைய சி.டி.யில் ஒட்டி, அதை ரோட்டார் நட்டில் நடு பிசகாமல் இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் பொருத்துங்கள். ஒரு கம்பித் துண்டை எஞ்சினில் எங்காவது இறுக்கிக் காட்டும் முள்ளாக வளைத்துக்கொள்ளுங்கள். டம்மி பிளக்கை மாட்டி, சக்கரத்தை முன்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். பிஸ்டன் போல்ட்டைத் தொட்டு நிற்கும். முள் காட்டும் டிகிரியைக் குறியுங்கள். பின்பக்கமாகத் திருப்பினால் மறுபடி வந்து தொடும். அதையும் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் சரிபாதிதான் உச்சி. கையில் பலத்தைக் காட்டாதீர்கள், தொட்டதும் நிறுத்துங்கள். டம்மி பிளக் உள்ளே இருக்கும்போது யாராவது வந்து கிக்கரை மிதித்தால் பிஸ்டனில் ஓட்டை. என் பட்டறையில் இந்த வேலை நடக்கும்போது கிக்கரைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவேன். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குப் புல்லட்டைப் பார்த்தால் கால் சும்மா இருப்பதில்லை.

உச்சி தெரிந்துவிட்டது. 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில் கணக்குப் போட்டால் 0.8 மி.மீ. என்பது ஏறத்தாழ 10 டிகிரி. டம்மி பிளக்கைக் கழற்றிவிட்டு, வழிகாட்டித் துளை வைத்த கூட்டை மாட்டி, பித்தளைக் கம்பியை விடுங்கள். உச்சிக்கு 10 டிகிரி முன்னால் எஞ்சினை நிறுத்தி, கூட்டின் விளிம்பில் கம்பி எங்கே நிற்கிறதோ அங்கே மெல்லிய அரத்தால் ஒரு கீறல். உச்சியில் இன்னொரு கீறல். முடிந்தது. இனி எப்போது டைமிங் பார்த்தாலும் கவரைக் கழற்ற வேண்டாம். துளை எவ்வளவு சாய்ந்திருந்தாலும் கவலை இல்லை, அந்தச் சாய்வு கீறலுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அந்தக் கம்பி அந்த எஞ்சினுக்கு மட்டும் உரியது. ஹெட்டைக் கழற்றி கேஸ்கெட் மாற்றினால் புதுக் கீறல் போடுங்கள். கம்பியை வண்டியின் டூல் பெட்டியிலேயே போட்டுவைக்கச் சொல்வேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து வரும் ஒரு அப்பள வியாபாரி அதைச் சட்டைப் பையில் பேனா போலச் செருகிக்கொண்டு வருவார். கூட்டில் மாட்டுவதற்கு முன் நான் அதை நேராக்க வேண்டியிருக்கும்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு இரண்டு முறை வரும். நமக்கு வேண்டியது கம்ப்ரஷனில் வரும் உச்சி. வலப்பக்கம் டேப்பெட் மூடியைத் திறந்து வால்வுகளைத் திறக்கும் கம்பிகளான இரண்டு புஷ்ராடுகளையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். இரண்டும் தடையின்றிச் சுழன்றால், அதே சமயம் மேலும் கீழும் ஆடாமல் இருந்தால், நீங்கள் இருப்பது சரியான உச்சி, டேப்பெட்டும் சரி. ஒன்று இறுகி நின்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று திருப்ப வேண்டும்.

இனி டைமிங். சாவியைப் போடுங்கள். விளக்குகள் அணைந்திருக்கட்டும், பிரேக்கை மிதிக்காதீர்கள். ஹெட்லைட் மேலே இருக்கும் அம்மீட்டரைப் பாருங்கள். பாயின்ட் மூடியிருந்தால், பிளக்குக்குப் பொறி தரும் காயிலுக்கு மின்சாரம் ஓடும். முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்து நிற்கும். பாயின்ட் திறந்த கணத்தில் முள் நடுவுக்குத் துள்ளும். திருவொற்றியூர்காரர்கள் எதற்காக அதை வைத்தார்களோ, டைமிங் பார்க்க இதைவிட நல்ல கருவி வண்டியில் இல்லை. சக்கரத்தை முன்பக்கமாக மட்டும் திருப்பிக்கொண்டு வாருங்கள். ஒரு கண் கம்பியின் 10 டிகிரிக் கீறலில், ஒரு கண் முள்ளில். தனி ஆளாகச் செய்வது கடினம். ஒரு தம்பியை உட்காரவைத்து, முள் துள்ளியதும் "நிறுத்து" என்று சொல்லச் சொல்லுங்கள். கீறல் கூட்டின் விளிம்பைத் தொடும் அதே கணத்தில் முள் துள்ள வேண்டும்.

கீறலைத் தாண்டிப் போய்விட்டால் அப்படியே கொஞ்சம் பின்னே இழுத்துச் சரிசெய்யாதீர்கள். டைமிங் கியர்களின் பற்களுக்கு நடுவில் இருக்கும் சிறு இடைவெளி அந்த அளவைக் கெடுத்துவிடும். நன்றாகப் பின்னே கொண்டுபோய், திரும்ப முன்பக்கமாக வாருங்கள்.

முள் கீறலுக்கு முன்னாலோ பின்னாலோ துள்ளுகிறது என்றால், எஞ்சினைக் கீறலில் நிறுத்திவிட்டு, பாயின்ட் தட்டின் ஸ்க்ரூக்களை இளக்கித் தட்டைத் திருப்புங்கள். தட்டின் பள்ளத்துக்குள் அடங்காத பிசகாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் உடலையே இளக்கித் திருப்ப வேண்டியிருக்கும். கேம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முந்தும். அதே திசையில் திருப்பினால் பிந்தும். கேம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதை முன்பே சக்கரத்தைத் திருப்பும்போது பார்த்துவைத்திருப்பீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆகவே இங்கே ஒரு டிகிரி நகர்த்தினால் கிராங்கில் இரண்டு டிகிரி. மயிரிழை நகர்த்துவது என்பார்களே, அந்த அளவுக்குத்தான் கை வேலை செய்ய வேண்டும். இறுக்கிய பிறகு எஞ்சினை மறுபடி இரண்டு சுற்று திருப்பி வந்து முள்ளைச் சரிபாருங்கள். இறுக்கும்போது தட்டு நகர்ந்திருந்தால் மறுபடி முதலிலிருந்து. சலித்துக்கொள்ளாதீர்கள்.

சாவியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பாயின்ட் மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் காயில் சூடாகும், பேட்டரி இறங்கும். அளக்கும்போது மட்டும் சாவி.

அம்மீட்டர் செத்துப்போன வண்டிகள் நிறைய உண்டு. அதற்கு ஸ்பீடாமீட்டர் விளக்கு போன்ற சிறிய பல்பு போதும். ஒரு கம்பி பாயின்ட் முனையில், மறு கம்பி எஞ்சின் இரும்பில். பாயின்ட் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது; திறந்ததும் எரியும். சிகரெட் பெட்டித் தாளைப் பாயின்ட் நடுவில் வைத்து இழுத்துப் பார்க்கும் பழைய முறையும் இருக்கிறது. வழியில் நின்றுபோனால் அது உதவும். பட்டறையில் அதை நான் அனுமதிப்பதில்லை.

பிளக்கைச் சுத்தம் செய்து மாட்டி, வண்டியை ஓட்டிப் பாருங்கள். பட்டறை வாசலில் நின்று ஆக்சிலேட்டரை முறுக்கிச் சத்தம் கேட்பது சோதனை ஆகாது. எஞ்சினுக்குச் சுமை ஏற வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர்களுக்குப் பாபநாசம் மலைப்பாதை இருக்கிறது, வனத்துறைச் சோதனைச் சாவடி அனுமதிக்கும் நேரத்துக்குள் போய்வர வேண்டும். எனக்குப் பிடித்தது வேறு. ஆடி மாதம் வள்ளியூரிலிருந்து முப்பந்தல் நோக்கித் தெற்கே போங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று எதிரே அறையும். காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. அந்தக் காற்றில் நான்காவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்துக்கொண்டு, சட்டென்று ஆக்சிலேட்டரைத் திறந்தால் எஞ்சின் தன் உண்மையைச் சொல்லிவிடும். டங்கு டங்கென்று உலோகம் தட்டினால் டைமிங் முந்தியிருக்கிறது. தட்டாமல், ஆனால் இழுவையும் இல்லாமல், சைலன்சரில் கொதிப்பு ஏறினால் பிந்தியிருக்கிறது. சரியான டைமிங்கில் எஞ்சின் முனகாமல் இழுக்கும். திரும்பி வரும்போது முதுகில் காற்று; அப்போது எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பிளக்கின் நிறத்தைப் பார்த்து டைமிங் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிளக் முதலில் சொல்வது கலவையைப் பற்றி. வெளுத்திருந்தால் கலவை மெலிந்தது, கறுத்துப் புகை படிந்தால் தடித்தது. அதைக் கார்புரேட்டரில் திருத்துங்கள். டைமிங்கில் திருத்தப் போகாதீர்கள்.

டூ ஸ்ட்ரோக் பழைய ஸ்கூட்டரும் ஆட்டோவும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடிப்படை இதேதான், உச்சி காணும் முறையும் இதேதான். ஆனால் அங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி விழுவதால் எந்த உச்சி என்ற குழப்பம் கிடையாது. பாயின்ட் ஃப்ளைவீலுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். அளவு வண்டிக்கு வண்டி வேறு. புல்லட்டின் 0.8 மி.மீ.யை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

புதுப் பாயின்ட் போட்டிருந்தால் அந்த ஃபைபர் கட்டை ஆரம்பத்தில் வேகமாகத் தேய்ந்து பிறகுதான் நிலைப்படும். 500 கிலோமீட்டர் ஓடியதும் இடைவெளியை ஒருமுறை அளந்து, கம்பியை விட்டு முள்ளையும் பார்த்துவிடுங்கள். உவரி, கூத்தன்குழி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் வண்டி நிற்கிறதென்றால் உப்புக்காற்று டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளும் போகும். பாயின்ட் முகத்திலும் கன்டென்சர் முனையிலும் பச்சை பூக்கும். அங்கே மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து துடைப்பது நல்லது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் வேலை முடிந்த கையோடு புதிது வாங்கிப் போடுங்கள்; பழைய டியூபை வெட்டிச் செருகினால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.